பிரேக்கில் "அட்ஜஸ்ட்" கூடாது!

பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமான சாமான் தேடுவோர் கவனிக்க வேண்டியவை

வீட்டில் குக்கர் காஸ்கெட் கிழிந்து விடுகிறது. கடைக்குப் போகிறோம். "எந்தக் கம்பெனி குக்கர்? எத்தனை லிட்டர்?" என்று கடைக்காரர் கேட்கிறார். தெரியாது என்று சொன்னால், "மூடியை எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பி விடுகிறார்.

அவர் செய்வது சரி. அளவு தவறிய காஸ்கெட்டைப் போட்டால் ஆவி கசியும். சோறு வேகாது. அவ்வளவுதான் நஷ்டம்.

மோட்டார் சைக்கிள் பிரேக்கிலும் இப்படி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதை வாங்கப் போகும்போது மட்டும் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. "இதைப் போட்டுப் பாருங்க. பொருந்தும்" என்கிறார் கடைக்காரர். "சரி, குடுங்க" என்கிறோம் நாம்.

இங்கே நஷ்டம் சோறு அல்ல. ஆள்!

பழைய மோட்டார் சைக்கிளைத் தேடிப் பிடித்து, பிரித்து, பெயிண்ட் அடித்து, புதிது போல் ஓட்டும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுவதில் ஒரு பெருமை உண்டு. டாங்கி பளபளக்கிறது. சைலன்சர் மின்னுகிறது. ஆனால் பிரேக்?

பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள், பிரேக் ரப்பருக்கு நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறார்கள். இது என்ன நியாயம்?

திருவொற்றியூரின் பிள்ளை

வடசென்னைக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் வெளியூர்ச் சரக்கு அல்ல. சொந்தப் பிள்ளை.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் ராயல் என்பீல்டு கம்பெனி இருந்தது. எல்லைக் காவலுக்காக இந்திய சர்க்கார் அந்தக் கம்பெனியிடம் 350 சி.சி. புல்லட் வண்டிகளை வாங்கியது. பிறகு 1955-ம் ஆண்டு, அந்தக் கம்பெனியும் நம் ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து "என்பீல்டு இந்தியா"வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்துச் சாமான்களை வைத்துப் பூட்டினார்கள். சில வருஷங்களில் சாமான்களையும் இங்கேயே செய்தார்கள்.

அதே திருவொற்றியூரில்தான் 1946-ல் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. அந்தக் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எப். டயர் கம்பெனி ஆனது. கொஞ்சம் வடக்கே போனால் எண்ணூரில் அசோக் லேலண்டு. இரும்பும் ரப்பரும் இந்தப் பக்கத்து ஜனங்களின் கையில் பழகிய பொருள்கள். காசிமேட்டுப் படகு எஞ்சினையே பிரித்துப் பூட்டும் பட்டறைகள் இங்கே உண்டு. இந்த ஊரில் ஒரு பிரேக் பிஸ்டனுக்கு வழியில்லை என்றால் வேறு எந்த ஊரில் வழி இருக்கும்?

புல்லட்டுக்கு அதிகம் கஷ்டம் இல்லை. பழைய புல்லட்டில் இருப்பது டிரம் பிரேக். வட்டமான பெட்டிக்குள் இரண்டு "ஷூ" விரிந்து உரசி நிறுத்தும். புல்லட் இடையில் செத்துப் போகாமல் ஓடி வந்த வண்டி. ஆகவே, அதன் ஷூவும் கேபிளும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கஷ்டம் வேறொரு வண்டியில் இருக்கிறது. அதன் பெயர் "பியூரி".

1980-களில் என்பீல்டு இந்தியா, ஜெர்மனி நாட்டு சுண்டாப் கம்பெனியின் உரிமம் பெற்றுச் சில சின்ன வண்டிகளைச் செய்தது. அவற்றில் ஒன்றுதான் 175 சி.சி. பியூரி. ஐந்து கியர். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அந்தப் பிரேக் இத்தாலி நாட்டு பிரெம்போ கம்பெனியின் வகை.

அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். அப்போது வேகத்துக்குப் பேர் போன ராஜ்தூத் 350 வண்டியைப் பலருக்கு நினைவிருக்கும். அதன் மூல வண்டியான ஜப்பான் யமஹாவில் டிஸ்க் இருந்தது. இங்கே செய்தபோது விலையைக் குறைக்க டிரம் போட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் டிஸ்க்கோடு வந்த வண்டி பியூரி.

ஆனால் பியூரி அதிகம் விற்கவில்லை. சீக்கிரமே நின்று விட்டது. ஜெர்மனியில் சுண்டாப் கம்பெனியே 1984-ல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் சீனாவுக்குப் போய் விட்டன. பிறந்த வீடே இல்லாமல் போன பெண்ணைப் போல் ஆகிவிட்டது இந்த வண்டியின் நிலை.

வண்டி நின்றால் சாமானும் மெல்ல மெல்ல நின்று விடும். இது உலக வழக்கம். நான்கு பேர் கேட்கும் சாமானை எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்? அவரையும் குறை சொல்ல முடியாது.

ஊசிக் குழலைப் பாருங்கள்

டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான், பொருத்தம் ஏன் முக்கியம் என்பது புரியும்.

டாக்டர் ஊசி போடுகிறார். பின்னால் கட்டை விரலால் அழுத்துகிறார். மருந்து முன்னால் வருகிறது. பிரேக்கும் அப்படித்தான். கைப்பிடியை அழுத்தினால், மேலே உள்ள சின்னப் பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அது குழாய் வழியாகப் போய், சக்கரத்தின் அருகே உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைப் "பேட்" என்ற உராய்வுக் கட்டையால் கவ்விப் பிடிக்கிறது. மேலே இருப்பது மாஸ்டர் சிலிண்டர். கீழே கவ்வுகிற பாகம்தான் காலிப்பர்.

இந்த யோசனை மிகப் பழையது. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்கு உரிமம் வாங்கினார். 1953-ல் பிரான்சில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்தது. பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஏராளமாக விற்ற மோட்டார் சைக்கிளில் இது வந்தது 1969-ம் ஆண்டு, ஹோண்டா 750-ல்.

இனி ரப்பருக்கு வருவோம்.

காலிப்பரின் உள்ளே பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதற்கு "சீல்" என்று பெயர். அது திரவம் கசியாமல் தடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

பிரேக் பிடித்துவிட்டுக் கையை எடுக்கிறோம். பிஸ்டனைப் பின்னால் இழுப்பது யார்? டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் இழுக்கும். காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது. இந்த ரப்பர்தான் இழுக்க வேண்டும்! பிஸ்டன் முன்னே போகும்போது ரப்பரின் விளிம்பு சற்றே முறுக்கிக் கொள்ளும். அழுத்தம் போனதும் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் இழுத்துக் கொள்ளும். அந்த இழுப்பு ஒரு மில்லி மீட்டரில் சின்னஞ்சிறு பங்குதான். அது போதும்.

அதனால்தான் அந்த வளையம் சதுரக் குறுக்கு வெட்டு உள்ளதாக இருக்கிறது. குழாய்க் கடையில் கிடைக்கும் உருண்டை வளையத்தை அங்கே போட்டால் கசியாமல் இருக்கலாம். ஆனால் இழுக்க வேண்டிய அளவு இழுக்காது. சிலசமயம் பள்ளத்திலேயே உருண்டு நெளியும். பிரேக் பிடித்தபடியே இருக்கும். தட்டு காயும். திரவம் கொதிக்கும். அப்புறம் கைப்பிடி பஞ்சு போல் அமுங்கும். வண்டி நிற்காது!

குற்றவாளி யார்?

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"அண்ணே, புது ரப்பர் போட்டேன். பிஸ்டன் உள்ளே போக மாட்டேங்குது."

"ரப்பர் தடிப்பா இருக்குது தம்பி. பிஸ்டனைக் கொஞ்சம் உப்புத்தாள்லே தேய்ச்சாப் போயிடும்."

தேய்க்கிறார்கள். பிஸ்டன் போய் விடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அங்கே நடந்தது என்ன? ரப்பரும் குற்றவாளி அல்ல, பிஸ்டனும் குற்றவாளி அல்ல. குற்றவாளி, ரப்பர் உட்காரும் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கிறான்.

காலிப்பரின் உடம்பு அலுமினியம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும் குணம் உள்ளது. அந்த ஈரமும், வெளியிலிருந்து வரும் உப்புக் காற்றும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கின்றன. அரித்த இடத்தில் வெள்ளை மாவு போல் ஒரு படிவு உண்டாகிறது. எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த மாவு பள்ளத்தில் படிந்து இறுகி விடுகிறது. அதன் மேல் ரப்பரை வைத்தால் ரப்பர் மேலே தூக்கிக் கொள்ளும். பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். ரப்பர் தடித்திருப்பது போல் தோன்றும். உண்மையில் பள்ளம்தான் தூர்ந்திருக்கிறது! பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது போல், அந்தப் பள்ளத்தைப் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பள்ளத்தின் உலோகத்தில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். அதன் பிறகு அதே ரப்பரைப் போட்டுப் பாருங்கள். பிஸ்டன் கையழுத்தத்திலேயே போகும்.

பிஸ்டனை உப்புத்தாளில் தேய்த்தவருக்கு என்ன ஆகும்? மேலே உள்ள குரோம் பூச்சு போய் விடும். கீறல் விழும். கீறல் வழியாகத் திரவம் கசியும். சில மாதத்தில் துருப்பிடிக்கும். கசியும் திரவம் பேட் மேல் பட்டால் பேட்டும் பாழ். பிடிப்பு வழுக்கி விடும்.

பழைய காலிப்பருக்குப் புதுச் சாமான் தேடுமுன், பழைய காலிப்பர் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி "பொருந்தாத" சாமான்கள் அங்கேயே பொருந்தி விடும்.

எதை அளப்பது?

பலர் பழைய ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். "இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள்.

இது தவறான வழி. பழைய ரப்பர் பல வருஷம் திரவத்தில் ஊறி உப்பியிருக்கும். அல்லது காய்ந்து சுருங்கியிருக்கும். அது காட்டும் அளவு பொய் அளவு. உப்பிய காலைக் காட்டிச் செருப்பு வாங்குவதா?

அளக்க வேண்டியது உலோகத்தை. பிஸ்டனின் குறுக்களவு ஒன்று. அது ஓடும் துளையின் குறுக்களவு ஒன்று. ரப்பர் உட்காரும் பள்ளத்தின் அகலமும் ஆழமும். துளையை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும். தேய்ந்த துளை முட்டை வடிவமாகியிருக்கும். இதற்கு ஸ்கேல் உதவாது. மைக்ரோமீட்டர் வேண்டும். பிஸ்டனுக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடி கனத்தில் பேச வேண்டிய கணக்கு.

இன்னொரு யோசனை. வண்டியின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். காலிப்பரின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.

வண்டி செய்கிற கம்பெனி வேறு. பிரேக் செய்கிற கம்பெனி வேறு. ஒரே காலிப்பரைப் பல கம்பெனிகள் வாங்கித் தங்கள் வண்டியில் பூட்டுவது உண்டு. பியூரிக்கு ரப்பர் கேட்டால் உலகம் முழுவதும் கையை விரிப்பார்கள். அதே அளவுள்ள பிரெம்போ காலிப்பருக்குக் கேட்டால், அது வேறு ஏதோ ஐரோப்பிய வண்டியின் பெயரில் கிடைக்கலாம். காலிப்பரின் உடம்பிலேயே கம்பெனிப் பெயரும் எண்ணும் வார்ப்பில் இருக்கும். அழுக்கைத் துடைத்துப் படியுங்கள். படித்த பிறகும் அளவை ஒத்துப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் அளவு வேறாக இருப்பது உண்டு.

புதுப்பேட்டையில் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்று தெரிய வேண்டும்.

புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்கள் கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய உதிரிபாகங்கள் கிடைக்கும். ஜார்ஜ் டவுன் தெருக்களில் பேரிங், போல்ட், ரப்பர் என்று தனித்தனிக் கடைகள். காலிப்பரின் அலுமினிய உடம்பு நல்லதாகப் பழையதில் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். விரிசல் இல்லை, மரை போகவில்லை, துளையில் ஆழமான அரிப்பு இல்லை என்று பார்த்துக் கொண்டால் போதும்.

பழைய ரப்பரை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்!

இங்கே நான் ஒரு கூட்டத்தாரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. "ஒரிஜினல்" பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். கம்பெனி பாக்கெட்டில், கம்பெனி முத்திரையோடு, நாற்பது வருஷம் அலமாரியில் கிடந்த ரப்பரைக் கண்டால் அவர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. பத்து மடங்கு விலை கொடுத்து வாங்குவார்கள். வாங்கிப் பிரேக்கில் பூட்டுவார்கள்!

ரப்பருக்கு வயசு உண்டு. பாக்கெட்டுக்குள் இருந்தாலும் அது கிழடாகும். இறுகும், வெடிக்கும். முத்திரையைப் பார்த்தா அது வேலை செய்யப் போகிறது? நேற்றுச் செய்த நல்ல மாற்று ரப்பர், நாற்பது வருஷத்து ஒரிஜினலை விட ஆயிரம் மடங்கு மேல். அந்தப் பாக்கெட்டை அலமாரியில் அழகுக்கு வைத்துக் கொள்ளட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாற்றுச் சாமான் வேறு, போலிச் சாமான் வேறு. தன் சொந்தப் பெயரைப் போட்டு, அளவைச் சொல்லி ஒருவர் செய்து விற்றால் அது மாற்று. அதில் தப்பில்லை. இன்னொரு கம்பெனியின் பெயரைத் திருடி அச்சடித்து விற்றால் அது போலி. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி அதற்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. பில் இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு யார் மேல் புகார் கொடுப்பது?

ரப்பரின் ஜாதியையும் கேட்க வேண்டும். பிரேக் திரவத்துக்கு ஏற்றது "ஈ.பி.டி.எம்." என்ற வகை. பெட்ரோலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் ஏற்றது நைட்ரில் வகை. இரண்டும் பார்வைக்குக் கறுப்புதான். கண்ணால் பிரிக்க முடியாது. நைட்ரிலைப் பிரேக்கில் போட்டால் ஊறிக் கெட்டு விடும். அதே போல், நல்ல பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினாலும் உப்பிப் போகும். பட்டறைப் பையன்கள் எதையும் பெட்ரோலில் கழுவித்தான் பழகியிருக்கிறார்கள். காலிப்பரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லுங்கள். ரப்பரைத் துடைக்க, புதுப் பிரேக் திரவமே போதும்.

சந்தேகம் இருந்தால், இரண்டு வளையமாக வாங்கி ஒன்றை ஒரு சின்ன பாட்டிலில் பிரேக் திரவம் ஊற்றி ஒரு வாரம் போட்டு வையுங்கள். போடுமுன்னும் எடுத்த பின்னும் அளந்து பாருங்கள். நன்றாக உப்பியிருந்தால் இரண்டையும் குப்பையில் போடுங்கள். ஒத்து வந்தால் மட்டுமே நல்லது என்று முடிவு கட்டி விட முடியாது. ஆனாலும் கெட்டது சீக்கிரம் தெரிந்து விடும்.

லேத் பட்டறைக்காரரின் கை

பிஸ்டன் விஷயத்தில் நம் ஊருக்கு அதிர்ஷ்டம் உண்டு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் கைத்திறன் உள்ள லேத் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை. குரோம் போன இரும்புப் பிஸ்டனுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்கலாம். நம் சமையலறை எவர்சில்வர் ஜாதிதான். கடல் காற்றைத் தாங்கும்.

ஆனால் லேத்காரரிடம் பழைய பிஸ்டனைக் கொடுத்து "இதைப் போல்" என்று சொல்லக் கூடாது. அது தேய்ந்தது. அளவை எழுதிக் கொடுங்கள். கடைந்த பிறகு மெருகு ஏற்றச் சொல்லுங்கள். கையால் தடவினால் கண்ணாடி போல் இருக்க வேண்டும். லேத் உளியின் வரி தெரிந்தால், அந்த வரியே ரப்பரை அரம் போல் தின்று விடும்.

நைலான் உருளையில் மலிவாகக் கடைந்து தருகிறேன் என்பாரும் உண்டு. ஒத்துக் கொள்ளாதீர்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மழைக்காலத்தில் உங்கள் பிரேக் தானே பிடித்துக் கொள்ளும்.

மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரிலும் ஒரு மோசம் நடக்கிறது. பழையது கிடைக்காவிட்டால், வேறு ஏதோ புது வண்டியின் சிலிண்டரை எடுத்துப் பூட்டி விடுகிறார்கள். ஹாண்டிலில் பொருந்துகிறதே என்று பார்க்கிறார்கள். பிஸ்டன் அளவைப் பார்ப்பதில்லை. 13 மில்லி மீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 16 மில்லி மீட்டர் வந்தால் என்ன ஆகும்? வித்தியாசம் 3 மில்லி மீட்டர்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்கு ஆகிறது! அதே பிடிப்புக்குக் கை ஒன்றரை மடங்கு பலம் கொடுக்க வேண்டும். கைப்பிடி கட்டை போல் இருக்கும். "பிரேக் நல்லா டைட்டா இருக்கு" என்று சொல்லிக் கொள்வார்கள். டைட்டாக இருப்பது கைப்பிடி. பிரேக் அல்ல.

போல்ட், செம்பு வாஷர் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். காலிப்பரைப் பிடிக்கும் போல்ட்டில் தலையில் 8.8 என்றாவது அதற்கு மேலாவது எண் இருக்க வேண்டும். பழைய பேட் தூசியை ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பேட்டில் கல்நார் இருக்கக் கூடும். அது நுரையீரலுக்கு விஷம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சீட்டுப் பிடிப்பது நமக்குப் புதிதா?

"எல்லாம் சரி. சதுர ரப்பர் எங்கேயும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?" என்று கேட்பீர்கள்.

செய்து கொள்ளலாம். ரப்பர் வளையத்துக்கு ஒரு அச்சு வேண்டும். செலவு எல்லாம் அந்த அச்சில்தான் இருக்கிறது. அச்சு செய்து விட்டால் ஒரு வளையத்தின் விலை அற்பம். ஒருவர் தனக்காக மட்டும் அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. அதே வண்டி வைத்திருக்கும் முப்பது பேர் சேர்ந்தால்?

இங்கிலாந்தில் வின்சென்ட் என்று ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. 1955-ல் உற்பத்தி நின்று விட்டது. அதை வைத்திருந்தவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சங்கமாகச் சேர்ந்து நின்றார்கள். உதிரிபாகம் செய்து விற்கச் சங்கத்தின் பேரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கம்பெனி செத்து எத்தனையோ வருஷம் ஆகியும், அந்த வண்டிகள் ஓடுகின்றன.

மாதச் சீட்டுப் பிடித்து மகளுக்கு நகை செய்கிற ஊர் இது. முப்பது பேர் சேர்ந்து ஒரு ரப்பர் அச்சு செய்ய முடியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக் கொள்கிறார்கள். அதே கூட்டத்தில் ஒரு மைக்ரோமீட்டரைக் கொண்டு வந்து, எல்லார் காலிப்பரையும் அளந்து ஒரு நோட்டில் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. உற்பத்தியை நிறுத்துவது அவர்கள் உரிமை. லாபம் இல்லாததைச் செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பிரேக் பாகங்களின் அளவை வெளியிட என்ன தடை? எஞ்சின் ரகசியத்தைக் கேட்கவில்லை. ஒரு பிஸ்டனின் அளவு, ஒரு பள்ளத்தின் ஆழம், ரப்பரின் வகை. ஒரே ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் இருந்தால் லேத்காரர் ஊகிக்க வேண்டியதில்லை.

2022-ம் ஆண்டு மத்திய சர்க்கார் "பழுது பார்க்கும் உரிமை" பற்றி யோசிக்க ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான் இவற்றோடு மோட்டார் வாகனத்தையும் அந்தக் குழுவின் கணக்கில் சேர்த்தார்கள். வாகனம் என்று வந்தால் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக். விற்பனை நின்ற வண்டிகளின் பிரேக் அளவுகளைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால், சர்க்காருக்குச் செலவு ஒரு காசு கிடையாது.

புது வண்டிகளுக்கு 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் என்று சட்டம் செய்தார்கள். நல்ல காரியம். பழைய வண்டியும் அதே ரோட்டில்தான் போகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி, இது பழைய வண்டி ஆயிற்றே என்று ஒதுங்கிப் போவதில்லை. பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையுமாக அந்த லாரிக்குப் பக்கத்தில் போகிறவர் எத்தனை பேர்!

காலிப்பரைப் பூட்டி முடித்ததும் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். மூடி திறந்து நாளாகாத, புது டப்பாத் திரவமாக ஊற்றுங்கள். "டாட் 4" என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறி விட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். காற்றுக் குமிழி போகும் வரை பொறுமையாக வெளியேற்றுங்கள்.

ராத்திரி கைப்பிடியை இழுத்து, சைக்கிள் டியூப் துண்டால் ஹாண்டிலோடு சேர்த்துக் கட்டி விடுங்கள். காலிப்பருக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளைப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மறுபடி பிரிக்க வேண்டும். ஈரம் இல்லை என்றால் கட்டை அவிழ்த்து, முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். கைப்பிடியை அழுத்தினால் டக்கென்று நிற்க வேண்டும். விட்டால் மறுபடி லேசாகச் சுற்ற வேண்டும். இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், நடக்கிற வேகத்தில், நீங்கள் மட்டும் ஏறி ஓட்டிப் பாருங்கள்.